பழைய மோட்டாரில் மர ரம்பம் செய்வோர் கவனத்திற்கு

உழவர் வீட்டில் மரவேலைக்கு ஓய்வே கிடையாது. மாட்டுக் கொட்டிலுக்குச் சட்டம், கோழிக் கூண்டுக்கு ரீப்பர், பாகல், புடலைப் பந்தலுக்குக் கால், விதை வைக்கப் பெட்டி, கோடரிக்கும் மண்வெட்டிக்கும் காம்பு என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். தேனீ வளர்ப்போருக்குச் சொல்லவே வேண்டாம். மரமும் நம் வரப்பிலேயே நிற்கிறது. வேம்பு, பூவரசு, வாகை, தேக்கு, சவுக்கு, தைலமரம், அண்மைக் காலமாக மலைவேம்பு எனப் பல வகை. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. பலகையாகி இருக்கவேண்டிய நல்ல மரம் அன்று எவ்வளவோ அடுப்புக்குப் போனது. பெரிய துண்டுகளை ஆலையில் கொடுத்து அறுத்து வைத்தவர்களிடம்கூட, அந்தப் பலகையைச் சட்டமாகவும் ரீப்பராகவும் கீறிக்கொள்ளக் கருவி இல்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து உழவர்களுக்கு வேறு எந்த வட்டாரத்தாருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. வயலும் தொழிற்சாலையும் இங்கே ஒரே தெருவில் இருக்கின்றன. 1949-இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை வந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு அடித்தளம் அமைந்தது. 1964-இல் அரசு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைத் தொடங்கியது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்துள்ள அப்பேட்டையைச் சுற்றி, லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை, காயலான் கடை என்று துணைத் தொழில்கள் வளர்ந்துவிட்டன. ஒரு ஷாஃப்ட் கடைய வேண்டுமென்றால் வேறு மாவட்டத்து உழவர் அரை நாள் பயணம் செய்யக்கூடும். திருநின்றவூரிலோ வெள்ளவேட்டிலோ இருப்பவர் சைக்கிளில் போய் வந்துவிடலாம்.

இதனால் இப்பகுதியில் பலர் மர ரம்பத்தைத் தாமே செய்துகொள்கிறார்கள். முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் செய்யும் முறையைப் பார்த்தால் அச்சமாக இருக்கிறது. உழவியல் கற்பிப்பவருக்கு ரம்பத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விரல் போன கையால் நாற்று நட முடியாது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கவிழ்த்து வைத்த மார்பிள் கட்டர்

இன்று மிகப் பரவலாக உள்ள வழக்கம் இது. கல் வெட்டும் மார்பிள் கட்டரை வாங்கி, அதில் மரம் அறுக்கும் 4 அங்குலத் தகட்டைப் பூட்டி, ஒரு பிளைவுட் பலகையின் அடியில் தலைகீழாக முடுக்கிவிடுகிறார்கள். பலகையின் நடுவே ஒரு பிளவு. அதன் வழியே தகடு மேலே எட்டிப் பார்க்கும். சுவிட்சை அழுத்தியே வைக்க வசதியாக ஒரு ரப்பர் வளையத்தையோ கட்டுக் கம்பியையோ சுற்றிவிடுவார்கள். செலவு குறைவு, அரை மணியில் வேலை முடிந்துவிடும். இணைப்புக் கம்பியைப் பிடுங்கினால்தான் இயந்திரம் நிற்கும்.

மார்பிள் கட்டர் நிமிடத்திற்குச் சுமார் 13,000 சுற்றுச் சுற்றும். அது கையில் பிடித்துக் கல்லை வெட்டுவதற்கென்று செய்யப்பட்டது. கல் சுருங்காது, முறுக்காது, தகட்டை இறுக்கிப் பிடிக்காது. மரம் இம்மூன்றையும் செய்யும். கல் வெட்டும் வட்டுக்குப் பல் கிடையாது. மர ரம்பத்திற்குப் பல் உண்டு. இறுகிய மரத்தைப் பல் கவ்வித் தூக்கி எறியும். ஆங்கிள் கிரைண்டரில் மரத் தகட்டைப் பூட்டுவது இதைவிடவும் மோசம். அதைப் பற்றி ஆய்வு செய்யவே தேவையில்லை. செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

இதற்கு மாற்றாக, பழைய மோட்டார், கப்பி, ஷாஃப்ட், இரும்புச் சட்டம் கொண்டு மெதுவாகச் சுற்றும் பெரிய தகட்டு ரம்பத்தைச் செய்துகொள்வதே முறை. செலவு சற்றுக் கூடும். ஆனால் வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

மோட்டாரைத் தேர்ந்தெடுத்தல்

8 அங்குலத் தகட்டுக்கு 1 குதிரைத் திறனும், 10 அங்குலத் தகட்டுக்கு ஒன்றரை முதல் 2 குதிரைத் திறனும் தேவை. மாவு அரைவை இயந்திரம், காற்றழுத்தி ஆகியவற்றிலிருந்து கழற்றப்பட்ட ஒருமுனை மோட்டார்கள் காயலான் கடைகளில் கிடைக்கும். பெயர்த் தகடு உள்ள மோட்டாரையே வாங்குங்கள். அதில் குதிரைத் திறன், வோல்ட், ஆம்பியர், சுற்று வேகம் ஆகிய நான்கும் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர்த் தகடு இல்லாத மோட்டார் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வேகம் தெரியாத மோட்டாரை வைத்துக் கணக்குப் போட முடியாது.

முழுவதும் மூடிய உடலும் பின்புறம் விசிறியும் உள்ள மோட்டாராகப் பாருங்கள். திறந்த துளைகள் உள்ளதில் மரத்தூள் புகுந்து சுருளின்மேல் படியும். சூட்டில் கருகித் தீப்பிடிக்கவும் கூடும். கையால் சுற்றிப் பார்த்தால் உராயாமல் ஓட வேண்டும். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. காயில் கட்டும் கடையில் கொடுத்து மின்காப்பைச் சோதித்த பிறகே பணம் கொடுங்கள்.

கிணற்றிலிருந்து எடுத்த நீர்மூழ்கி மோட்டார் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அது நீரால் குளிரும்படி அமைக்கப்பட்டது. வெளியே ஓடவிட்டால் சிறிது நேரத்தில் எரிந்துவிடும். மோனோபிளாக் மோட்டாரின் ஷாஃப்டோ பம்பின் உள்சக்கரத்திற்கென்று கடையப்பட்டது. அதில் கப்பி ஒழுங்காக உட்காராது. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

வேகக் கணக்கு

நம் நாட்டில் மின்சாரம் விநாடிக்கு 50 அலைவு. ஆகவே மோட்டார்கள் பெரும்பாலும் இரண்டே வேகத்தில் கிடைக்கும்: நிமிடத்திற்குச் சுமார் 1,440 சுற்று, அல்லது சுமார் 2,880 சுற்று. இவ்விரண்டில் உங்களுடையது எது என்பதை அறிந்துகொள்ளாமல் கப்பி வாங்கப் போகாதீர்கள்.

கப்பிக் கணக்கு எளியது. மோட்டாரின் சுற்றை மோட்டார்க் கப்பியின் விட்டத்தால் பெருக்கி, ரம்பக் கப்பியின் விட்டத்தால் வகுத்தால் ரம்பத்தின் சுற்று வரும். 1,440 சுற்று மோட்டாரில் 6 அங்குலக் கப்பியும் ரம்ப ஷாஃப்டில் 3 அங்குலக் கப்பியும் பூட்டினால், ரம்பம் 2,880 சுற்றுச் சுற்றும். 7 அங்குலமும் 3 அங்குலமுமானால் 3,360 சுற்று.

இத்துடன் கணக்கு முடியவில்லை. மரத்தைத் தொடுவது தகட்டின் ஓரத்தில் உள்ள பல். அது விநாடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதே முக்கியம். இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. தகட்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்றால் பெருக்கி, 750-ஆல் வகுத்துவிடுங்கள். விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று விடை கிடைக்கும்.

10 அங்குலத் தகடு 2,880 சுற்றுச் சுற்றினால், 10-ஐ 2,880-ஆல் பெருக்க 28,800. 750-ஆல் வகுக்கச் சுமார் 38 மீட்டர். அதே தகடு 3,360 சுற்றில் சுமார் 45 மீட்டர். நம் வேலைக்கு இவ்விரண்டும் பொருத்தமே. 8 அங்குலத் தகட்டுக்கு 2,880 சுற்றில் 31 மீட்டர்தான் வரும். அறுப்பு சற்று மந்தமாக இருக்கும். 3,360 சுற்றில் 36 மீட்டர் வரும். கவிழ்த்து வைத்த 4 அங்குல மார்பிள் கட்டரை இதே கணக்கில் பாருங்கள். 69 மீட்டர் வருகிறது.

இங்கே ஒரு பெரும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் 6 அங்குலம், 3 அங்குலக் கப்பி போட்டு நன்றாக அறுக்கிறார் என்று நீங்களும் அதே கப்பிகளை வாங்கி வருகிறீர்கள். அவருடைய மோட்டார் 1,440 சுற்று, உங்களுடையது 2,880. உங்கள் ரம்பம் 5,760 சுற்றுச் சுற்றும். 10 அங்குலத் தகட்டின் பல் விநாடிக்கு 77 மீட்டர், அதாவது மணிக்கு 276 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வேகம் இரண்டு மடங்கானால், தகட்டைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகிறது. பல் தெறிக்கலாம், தகடு அதிரலாம். ஒவ்வொரு நல்ல தகட்டிலும் அதன் உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் கணக்கில் வரும் சுற்று அதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். 2,880 சுற்று மோட்டார் வைத்திருப்போர் இரு பக்கமும் ஒரே அளவுக் கப்பி போட்டால் போதும்.

பெல்ட் ‘ஏ’ வகையாக இருக்கட்டும். அதற்கு 3 அங்குலத்தைவிடச் சிறிய கப்பி ஆகாது. பெல்ட் அதிகம் வளைந்து விரைவில் வெடித்துவிடும். 2 குதிரைத் திறனுக்கு இரட்டைப் பெல்ட் போடுவது நல்லது. பெல்ட்டும் கப்பியும் தகரத்தால் முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். ரம்பத்திற்கு அஞ்சும் பலர் பெல்ட்டுக்கு அஞ்சுவதில்லை. வேட்டி முனை முதலில் அங்கேதான் சிக்கும்.

ஷாஃப்டும் பேரிங்கும்

25 மி.மீ. ஷாஃப்ட், அதற்கேற்ற யூ.சி.பி. 205 பேரிங் கட்டைகள் இரண்டு. இவை எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும். பேரிங்கையும் ரம்பத் தகட்டையும் மட்டும் பழையதாக வாங்க வேண்டாம். காயலான் கடைத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

ஷாஃப்டை லேத்தில் கடையக் கொடுக்கும்போது தகட்டையும் கையோடு கொண்டுபோங்கள். தகட்டின் துளை ஷாஃப்டில் தளர்வின்றி நுழைய வேண்டும். தகட்டின் இருபுறமும் ஒரே அளவுள்ள கனத்த வாஷர்கள் வேண்டும். அவற்றின் விட்டம் தகட்டின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருப்பது நல்லது. 10 அங்குலத் தகட்டுக்கு மூன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மரையைப் பற்றிப் பட்டறைக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நட்டு இருக்கும் பக்கம் நின்று பார்க்கும்போது ரம்பம் கடிகார முள் போலச் சுற்றுமானால், இடது மரை போட வேண்டும். எதிர்ப்புறமாகச் சுற்றுமானால் வலது மரை. இதை மாற்றிப் போட்டால், ரம்பம் ஓட ஓட நட்டு தானாகக் கழன்றுகொண்டே வரும். ரம்பத்தின் மேல்பகுதி உங்களை நோக்கி வரும்படிதான் எப்போதும் சுற்ற வேண்டும். நட்டு எந்தப் பக்கம் வரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்து, ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்துவிட்டால் குழப்பம் வராது.

மேசை

40 மி.மீ. எல் ஆங்கிளில் சட்டம், இடுப்புக்குச் சற்றுக் கீழான உயரம். மேற்பலகை நல்ல பிளைவுட்டாகவோ, உலர்ந்த தேக்காகவோ இருக்கலாம். பேரிங் கட்டைகளை இரும்புச் சட்டத்திலேயே முடுக்கிவிட்டு, மேற்பலகையின் பின்புறத்தைக் கீலில் மாட்டி, முன்புறத்தை ஒரு நீண்ட போல்டால் ஏற்றி இறக்கும்படி செய்தால், அறுப்பு ஆழத்தை வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். ரம்பம் அசையாது, பலகைதான் ஏறி இறங்கும். தகடு மரத்திற்கு மேல் ஒரு பல் உயரம் தெரிந்தால் போதும். அரை அங்குலப் பலகையை அறுக்க இரண்டரை அங்குலத் தகட்டை வெளியே நீட்டி வைத்திருப்பது விரலை அழைப்பதாகும்.

மரத்தை ஒரே அகலத்தில் கீற, தகட்டுக்கு இணையாக ஒரு நேர்ச்சட்டம் வேண்டும். அதன் பின்முனை தகட்டிலிருந்து அரை மி.மீ. விலகி இருக்கலாம், ஒருபோதும் நெருங்கி இருக்கக் கூடாது. தேனீப் பெட்டி செய்வோர் இதில் சிறிது நேரம் செலவிடுங்கள். 1910-களில் தென்னிந்தியாவில் அருட்தந்தை நியூட்டன் வடிவமைத்த சிறிய பெட்டியே நம் இந்தியத் தேனீக்கு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் சட்டத்திற்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே தேனீ நடமாடும் இடைவெளி சுமார் 8 மி.மீ. அது கூடினால் தேனீக்கள் அந்த இடத்திலும் அடை கட்டிவிடும். கை ரம்பத்தால் பத்துச் சட்டங்களை ஒரே அளவில் அறுப்பது கடினம். நேர்ச்சட்டம் சரியாக அமைந்த மேசை ரம்பத்தில் நூறு சட்டமும் ஒரே அளவில் வரும். இந்த ஒரு வேலைக்காகவே இயந்திரம் தகும் என்பது என் கருத்து.

மரம் ஏன் திருப்பி அடிக்கிறது?

ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசைமேல் அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி ஏறுகின்றன. அறுபட்ட மரம் பின்பக்கப் பல்லைத் தொடாதவரை தொல்லை இல்லை. தொட்டால், பல் அதைத் தூக்கி, மேசைக்கு மேலாக உங்கள் வயிற்றை நோக்கி எறியும். 38 மீட்டர் வேகத்தில் ஓடும் பல் மணிக்கு 137 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. எறியப்பட்ட மரம் கிட்டத்தட்ட அந்த வேகத்திலேயே வரும். மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிடிமானம் இழந்து தகட்டின்மேல் விழுவதும் அப்போதுதான்.

மனிதன் ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். 24 பல் உள்ள தகடு 2,880 சுற்றில் அந்த நேரத்திற்குள் 230 பற்களை ஓட்டிவிடும். சமாளித்துக்கொள்ளலாம் என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல், விரல் பட்டவுடன் அதை மின்சாரத்தால் உணர்ந்து சுமார் 5 மில்லி விநாடியில் தகட்டை நிறுத்தும் அமைப்பைக் கண்டுபிடித்தார். அது விலை மிகுந்த இயந்திரங்களில் வருகிறது. வீட்டில் செய்யும் ரம்பத்தில் அதற்கு வழியில்லை.

நம் வரப்பு மரங்களில் இந்த ஆபத்து கடை மரத்தைவிட மிகுதி. தைலமரமும் சவுக்கும் வளரும்போதே தம்முள் இழுவிசையைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. கீறத் தொடங்கியதும் அந்த இழுவிசை விடுபட்டு, இரு துண்டுகளும் வளைந்து ஒன்றையொன்று நெருங்கித் தகட்டைக் கவ்வும். சாய்ந்து வளர்ந்த மரம், கிளை, ஈரம் உலராத பலகை எல்லாம் இப்படியே. ஒரு அங்குலப் பலகையை நிழலில், நடுநடுவே குச்சி வைத்து அடுக்கிச் சில மாதங்களாவது உலர்த்திய பிறகே மேசை ரம்பத்திற்குக் கொண்டுவாருங்கள். வேலி மரமானால் இன்னொன்றும் உண்டு. பத்து ஆண்டுக்கு முன் முள்கம்பி மாட்ட அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். ஒரு காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் ஓட்டிப் பார்த்தால் மேலாக இருக்கும் ஆணி தெரிந்துவிடும்.

இந்தத் திருப்பி அடித்தலுக்கு மருந்து ஒரு சிறு இரும்புத் தகடு. ரம்பத்தின் பின்னால், பல்லிலிருந்து 5 மி.மீ. அளவு விலகி, தகட்டின் வளைவை ஒட்டிய வடிவில் அது நிற்க வேண்டும். அறுபட்ட பிளவுக்குள் அது நுழைந்து நின்று, இரு துண்டுகளும் சேராமல் பார்த்துக்கொள்ளும். இதைப் பிளவுத் தகடு என்போம். அதன் கனம் ரம்பத் தகட்டின் உடலைவிடக் கூடவும், பல் அறுக்கும் அகலத்தைவிடக் குறையவும் இருக்க வேண்டும். பல் 3 மி.மீ. அகலம் அறுத்து, உடல் 2 மி.மீ. கனமானால், பிளவுத் தகடு இரண்டரை மி.மீ. உயரம் ரம்பத்தின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். அதை மேற்பலகையில் பொருத்தாமல், பேரிங் இருக்கும் இரும்புச் சட்டத்திலேயே பொருத்துங்கள். அப்போது பலகை ஏறி இறங்கினாலும் இடைவெளி மாறாது. அசைத்தால் ஆடாதபடி இரண்டு போல்டுகள் போட வேண்டும்.

இவ்வளவு சிறிய பொருளை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்றால், வீட்டில் செய்த ரம்பங்களில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். அறுப்புக்கு அது எவ்விதத்திலும் உதவாது. ஆதலால் இல்லாதபோது குறை தெரிவதில்லை.

தகட்டுக்கு மேல் ஒரு மூடியும் வேண்டும். கடைசி ஒரு சாண் மரத்தைக் கையால் தள்ளாமல், நுனியில் வெட்டு வைத்த தள்ளுகோலால் தள்ளுங்கள். தகட்டின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். குறுக்கே அறுக்கும்போது நேர்ச்சட்டத்தில் மரத்தை முட்டவைத்து அறுக்கக் கூடாது. துண்டு மாட்டிக்கொண்டு பறக்கும்.

சுவிட்சு

பம்புசெட்டுக்கு நீங்கள் வைத்திருக்கும் ஸ்டார்ட்டரே ரம்பத்திற்கும் சிறந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். மின்சாரம் நின்றுபோனால் அது தானே விடுபட்டுவிடும்; மின்சாரம் திரும்பி வந்தாலும் நீங்கள் அழுத்தாமல் ஓடாது. சாதாரண சுவிட்சு அப்படியல்ல. மின்தடையின்போது தகட்டில் சிக்கிய சிம்பைக் கையால் எடுத்துக்கொண்டிருப்பீர்கள், மின்சாரம் வந்துவிடும். பம்புசெட்டில் மின்சாரம் வந்ததும் தானே ஓட வைக்கும் ‘ஆட்டோ’ கருவியைப் பலர் மாட்டியிருக்கிறார்கள். அதை ரம்பத்தின் ஸ்டார்ட்டரில் எக்காரணத்தைக் கொண்டும் மாட்டக் கூடாது. சிவப்புப் பொத்தான் முழங்காலால் தட்டும் உயரத்தில் இருந்தால், இரு கையும் மரத்தில் இருக்கும்போதும் நிறுத்தலாம்.

மின்கம்பி இரண்டரை சதுர மி.மீ. செம்புக் கம்பியாக இருக்கட்டும். மோட்டார் உடலுக்கும் இரும்புச் சட்டத்திற்கும் நில இணைப்பு கட்டாயம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்திக்கொள்ளுங்கள். தகடு மாற்றும்போது ஸ்டார்ட்டரை நிறுத்தினால் போதாது. இணைப்பையே பிடுங்கிவிட வேண்டும்.

வேளாண் இணைப்பில் நமக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் மின்சாரம் நீர் இறைக்கத்தான். அதிலிருந்து ரம்பத்திற்குக் கம்பி இழுப்பது விதிமீறல். பிடிபட்டால் இணைப்புக்கே ஆபத்து. சொந்த வேலைக்கு வீட்டு இணைப்பில் ஓட்டுங்கள். பிறருக்குக் கூலிக்கு அறுப்பதானால் அதற்குரிய இணைப்பை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுப் பெற வேண்டும். உருட்டு மரம் அறுக்கும் ஆலை வைப்பதற்கு வனத்துறை உரிமம் தேவை. 1996 டிசம்பரில் கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு இதில் கட்டுப்பாடு இறுகியுள்ளது. இக்கட்டுரையில் சொல்லும் ரம்பம், ஆலையில் அறுத்து வந்த பலகையைக் கீறுவதற்கு மட்டுமே. உருட்டு மரத்தை இதில் ஏற்றவே கூடாது. அது உருண்டு கையைத் தகட்டுக்குள் இழுத்துவிடும்.

எதைச் செய்யலாம், எதை விலைக்கு வாங்கலாம்?

உங்களுக்கு இயந்திர வேலையில் பழக்கம் இல்லையென்றால் முதலில் ரம்பத்தில் இறங்க வேண்டாம். உப்புத்தாள் வட்டு ஒன்று செய்யுங்கள். 1,440 சுற்று மோட்டாரின் ஷாஃப்டில் 10 அங்குல மர வட்டைப் பொருத்தி, அதில் உப்புத்தாளை ஒட்டி, முன்னால் சிறு மேசை வைத்தால் போதும். விளிம்பு வேகம் 19 மீட்டர்தான். சட்ட முனைகளைச் சதுரமாக்கவும், காம்பு தேய்க்கவும் மிகவும் பயன்படும். அதைச் செய்யும்போதே மோட்டார், மையம், அதிர்வு, நில இணைப்பு எல்லாம் கைவந்துவிடும். மரக் கடைசல் இயந்திரமும் வீட்டில் செய்யத்தக்கதே. கனடாவில் மத்தியாஸ் வாண்டெல் என்பவர் பட்டை ரம்பத்தையே பெரும்பாலும் மரத்தால் செய்து, அதன் வரைபடங்களை விற்றும் வருகிறார். பொறுமையும் அளவுக் கருவியும் உள்ளோர் அதையும் முயலலாம்.

ஆனால் பலகை இழைக்கும் இயந்திரத்தின் கத்தி உருளையை வீட்டிலோ, பழக்கமில்லாத பட்டறையிலோ செய்யக் கூடாது. கத்தியைப் பிடித்திருக்கும் ஆப்பு சற்றுத் தளர்ந்தாலும் கத்தி துப்பாக்கிக் குண்டு போல வெளியேறும். அதை விலைக்கே வாங்குங்கள், அல்லது கூலிக்கு இழைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தூளை எளிதாக எண்ண வேண்டாம். வேப்பந்தூள் மூக்கை எரிக்கும் என்பது அறுத்தவர்களுக்குத் தெரியும். கடின மரத்தூளைத் தொடர்ந்து சுவாசிப்பது மூக்குப் புற்றுக்குக் காரணமாகும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் உறுதி செய்துள்ளது. வீட்டுக்குள் அறுக்காமல் காற்றோட்டமான கொட்டகையில், மூக்கை மூடிக்கொண்டு அறுங்கள். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி, சேலை முந்தானை, கைக்கயிறு, கையுறை எதுவும் ஆகாது. கையுறை பாதுகாப்பு என்று நினைத்து அணிவோர் உண்டு. சுற்றும் தகட்டில் அது சிக்கினால் விரலை மட்டும் விடாமல் கையையே இழுத்துவிடும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் கொட்டகையில் நுழைவார்கள். ஆதலால் ஸ்டார்ட்டர்ப் பெட்டிக்குப் பூட்டு வேண்டும்.

கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போன உழவர்கள் பெருகியதால்தான் 1983-இல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. கடையில் வாங்கும் இயந்திரத்திற்கு அதுபோன்ற சட்டமும் தரச் சான்றும் உண்டு. வீட்டுக் கொட்டகையில் நாமே செய்ததைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை.

ஆகவே முதல் ஓட்டத்திற்கு முன் நீங்களே சோதியுங்கள். தகடு பூட்டாமல் கால் மணி நேரம் ஓட்டி, பேரிங் கட்டைமேல் கை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் ஷாஃப்டும் கட்டையும் நேரில் இல்லை என்று பொருள். பிறகு தகட்டைப் பூட்டிக் கையால் சுற்றி, ஒரு பல்லை மேசை விளிம்பில் பென்சிலால் குறித்துக்கொண்டு, எல்லாப் பற்களும் அதே இடத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். சுற்றும் திசை தவறாக இருந்தால், மின் இணைப்பை மாற்றிக் கொடுக்கக் காயில் கடைக்காரரைக் கேளுங்கள். பிளவுத் தகடும் மூடியும் பொருத்திய பிறகே முதல் பலகையை அறுக்க வேண்டும். ஐயம் இருந்தால், அம்பத்தூர் அரசு தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் உள்ள பயிற்றுநர்களிடம் படத்தையோ, கைப்பேசியில் எடுத்த ஒளிப்படத்தையோ காட்டிக் கேட்கலாம். ஷாஃப்டைக் கடையக் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டால் பணமும் மிஞ்சும்.